பசியில்லாத மண்

இரண்டு மாதம் முன்பு புதைத்ததைத் தோண்டி வெளியே இழுத்தார் மண்புழு மாமா. இந்நேரம் மக்கி உருத்தெரியாமல் போயிருக்க வேண்டியது, வைத்தது வைத்தபடி இருந்தது. விடிந்தும் விடியாத வயலில் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோட்டம் விட்டார்.

அது ஒரு வெள்ளைப் பருத்தி ஜட்டி. இயற்கை விவசாயப் பயிற்சியின் கடைசி நாளில் அதிகாரி ஆளுக்கொன்று கொடுத்து, இடுப்புப் பட்டையில் அழியாத மையால் எண் எழுதி, வயலில் புதைக்கச் சொல்லியிருந்தார். உயிருள்ள மண் பருத்தியைத் தின்றுவிடும், பட்டை மட்டும்தான் மிஞ்சும். அப்படி மிஞ்சினால் சொட்டுநீர்க் குழாய்க்கும் உரக் கொட்டகைக்கும் மானியம்.

மண்புழு என்பது மச்சினன் வைத்த பெயர். ரசாயன உர மூட்டைகளை அவர் தலைமுழுகிய நாளிலிருந்து "மண்புழு மாமா" என்றுதான் கூப்பிடுவான். மானியம் கிடைக்காவிட்டால் நிலத்தை அவனுக்கே குத்தகைக்கு விடுவதாக ரோஷத்தில் வாய்விட்டு மாட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.

மனைவியிடம் ஜட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. வயலில் ஜட்டி நட்டிருக்கிறேன் என்று எந்தப் புருஷன் சொல்வான்? அதிகாரி வந்து குச்சி நட்ட இடத்தைத் தோண்டிப் பார்ப்பார், ஊரே வந்து நிற்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது பார்த்தால் துணியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. பட்டையில் இருந்த எண்ணைத்தான் காணோம். துணியை விட்டுவிட்டு மையை மட்டும் தின்றிருக்கிறதே, இந்த மண்ணுக்கு நாக்கு செத்துவிட்டதா என்று நொந்துகொண்டார். வருஷக்கணக்காகச் சாணமும் சருகும் போட்டு வளர்த்த மண், நல்ல நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது.

வயலை ஒட்டிய வீட்டுக்கு ஓடினார். மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுக்கும் அவசரத்தில், புதிதாக இறுக்கிக் கட்டியிருந்த விளக்குமாறு தட்டுப்பட்டு விழுந்தது. திரும்பி வந்து ஜட்டியைக் கண்டபடி வெட்டி, சேற்றில் புரட்டி, மறுபடியும் புதைத்தார்.

வெயில் ஏறியதும் அதிகாரி வந்தார், ஊரும் வந்தது. முன்வரிசையில் மச்சினன். பின்னால் மனைவி, பரிசு வாங்கப் போகிறவளைப் போல முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள்.

அதிகாரி தோண்டி எடுத்து, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். கந்தலைக் கண்டதும் மச்சினன் முகம் சுருங்கியது. மனைவி முகம் அதைவிடச் சுருங்கியது. மண்புழு மட்டும் மனசுக்குள் குதியாட்டம் போட்டார்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"உங்க மண்ணு எப்பங்க கத்தரிக்கோல் வாங்குச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிப் படுத்துவிடலாம் போலிருந்தது மண்புழுவுக்கு.

"மண்ணு தின்னல சார். நான்தான் வெட்டினேன்" என்றார். அதற்குள் மச்சினன் வயலில் இறங்கி, எந்த மூலையில் எதைப் போடலாம் என்று பக்கத்திலிருந்தவருக்குக் கை நீட்டிக் காட்ட ஆரம்பித்திருந்தான்.

மனைவி விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் விளக்குமாறு இருந்தது. கூட்டம் தானாக வழி விட்டது. மண்புழு இரண்டடி பின்வாங்கினார்.

அவளோ நேரே போய் விளக்குமாற்றை அதிகாரியிடம் நீட்டினாள். அதன் பிடியைச் சுற்றி இறுகியிருந்தது ஓர் இடுப்புப் பட்டை. அதில் நாலைந்து நூல் தொங்கியது, மையில் எழுதிய எண் பளிச்சென்று தெரிந்தது.

அதிகாரி எண்ணைப் படித்தார். நூலை இழுத்துப் பார்த்தார். அவர் வாய் காது வரை விரிந்தது.

"நான் எழுதுன நம்பரேதான். துணியில ஒரு பொட்டு மிச்சமில்ல, முதல் மானியமே உங்களுக்குத்தான். அப்போ இந்த வெட்டுன ஜட்டி ஏதும்மா?"

அவள் அதிகாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் முறைத்தாள்.

"ஊர் முன்னாடி கந்தலைக் காட்டக் கூடாதேன்னு நேத்து இதைத் தோண்டி எடுத்துட்டு நான் புதுசு வாங்கிப் புதைச்சேன், அதையும் வெட்டிட்டீங்களே."