ஈ மொய்த்த கால்

ஈக்கள்தான் முதலில் வந்தன. பின்னாலேயே பெருமாள் நொண்டிக்கொண்டு வந்தான்.

மில் வாசலில் சோதனைக்கு நின்ற வாட்ச்மேன் ஏனோக், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினான். பெருமாளின் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு பழந்துணிக் கட்டு. துணியே தெரியாத அளவுக்குக் கருகருவென்று ஈ.

"அவுக்கட்டாணா?" என்று பெருமாள் குனிந்தான்.

"வேணாண்டா சாமி. போ, போ."

கோலார் தங்கவயலில் ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவன் எவனானாலும் வாயைத் திறந்து காட்ட வேண்டும், குடுமியை அவிழ்த்து உதற வேண்டும். பாறையைப் பொடியாக்கித் தங்கம் பிரிக்கிற மில் என்றால் கேட்கவே வேண்டாம். புண்ணுக்குப் போட்ட கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்கச் சொல்லி துரை உத்தரவு போட்டிருந்தார். பெருமாள் ஒருவனுக்கு மட்டும் ஏனோக் மூன்று வாரமாக அந்த உத்தரவை மீறிக்கொண்டிருந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் புண்ணே அவன் கொடுத்ததுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சோதனை வரிசையில் ஒரே தள்ளுமுள்ளு. "பின்னாடி போங்கடா!" என்று கத்திக்கொண்டே ஏனோக் கையை வீசியதுதான் தெரியும். அடுத்த நொடி பெருமாள், "ஐயோ அம்மா!" என்று தண்டவாளத்தின் மேல் விழுந்து கிடந்தான். காலில் ரத்தம். நின்றிருந்த நாற்பது பேரும் ஏனோக்கைத்தான் முறைத்தார்கள். பெருமாள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து ஏனோக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்து போனபோது இவன் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. "இன்னா ஆச்சு உனக்கு?" என்று பெண்டாட்டி ஐடா துளைத்தெடுத்தாள்.

ஈ மொய்த்த காலோடு பெருமாள் வாசலைத் தாண்டிப் போன அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டர் ஆபிரகாமிடம் போய் நின்றான்.

"புண்ணுல ஈ மொய்க்குதுங்க. மூணு வாரமா. மருந்து எதுனா குடுங்க."

"மூணு வாரமா?" ஆபிரகாமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்பா, ஈ சும்மா குந்திட்டுப் போவும்னு நெனச்சியா? சாணி, செத்த எலி, அழுகுனது எங்க கீதோ அங்க முட்டை வுடும். மறுநாளே புழு நெளியும். அந்தப் புழு துன்னு தீக்கலன்னா இந்தக் கூலி லைன்ல நாத்தம் தாங்காம எல்லாரும் ஊரைக் காலி பண்ணணும். அதுக்குன்னே ஆண்டவன் படைச்சது. மனுசன் கால்ல வுட்டா இன்னா ஆவறது? புழு எதுனா உழுதா?"

"ஒண்ணுகூட உழுந்து பாக்கலீங்க."

"அப்போ உள்ளயே கொடஞ்சுக்கினு கீது. நாளைக்கே இட்டாந்துடு. முட்டியோட காலை எடுக்கறாப்பல இருக்கும்."

ஏனோக்குக்குக் காலடியில் பூமி நழுவியது. ஒற்றைக்காலனுக்கு மில்லில் எவன் வேலை கொடுப்பான்? பெருமாளின் பெண்டாட்டி ரத்தினம்மாவும் மூன்று பிள்ளைகளும் என்ன ஆவார்கள்? 'பாவி நான், கோபத்துல ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டேனே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு, பெருமாளை மட்டும் கையைப் பிடித்துக் காவல் கொட்டகைக்குள் கூட்டிப் போனான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகுமுன் புண்ணைக் கழுவ அங்கே வெந்நீரும் சுத்தமான வேட்டித் துணியும் தயாராக இருந்தன.

"இன்னாணா இது? வேணாம்ணா! வூட்ல ரத்தினம்மா கழுவிக்கும்ணா!" பெருமாள் காலை இழுத்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா கெடடா. நான் பண்ண பாவம், நான்தான் கழுவணும்."

ஏனோக் மண்ணில் மண்டியிட்டான். இத்தனை நாளும் மூக்கைப் பொத்தியவன் இன்று பொத்தவில்லை. ஈக்களை ஓட்டிவிட்டுக் கட்டைப் பிரித்தான்.

புழு இல்லை. புண்ணும் இல்லை. ஆறிப்போன ஒரு சிராய்ப்புத் தழும்பு மட்டும். துணியெல்லாம் பிசுபிசுவென்று பூதிகோட்டைச் சந்தை வெல்லம். வெல்லத்துக்கு நடுவில், தங்கம் படிகிற மில் தகட்டிலிருந்து பாதரசத்தோடு சுரண்டிய தங்கம், சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை.

"ஸ்தோத்திரம்!" என்றான் ஏனோக். கால் தப்பித்ததே என்ற நினைப்பில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. எழுந்து விசிலை எடுத்தான். வாய்வரைக்கும் போன விசில் அங்கேயே நின்றது.

நாற்பது பேர் முன்னால் ஒருத்தனை மாடு மாதிரித் தள்ளிவிட்டவன், இப்போது எந்த முகத்தோடு அவனைப் பிடித்துக் கொடுப்பது? நான் தள்ளியிருக்காவிட்டால் இவனுக்குக் கட்டு ஏது, இந்தப் புத்திதான் ஏது?

ஏனோக் விசிலைக் கீழே போட்டான். பிசுபிசுத்த காலை வெந்நீரால் பொறுமையாகக் கழுவினான். உருண்டைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்தான்.

"இதை மில்லுக்குள்ளயே போட்டுடறேன், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னைத் தள்ளுன பாவம் எனக்கு இருக்கு. என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா."

பெருமாள் போகவில்லை. தன் காலைப் பிடித்திருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சடாரென்று குனிந்து அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"அன்னிக்கு இந்தக் கை எம்மேல படவே இல்லணா."