மூன்றாவது பாட்டில் விடுபட்ட தட்டு

ஜாஸ் பாடகி மெர்லின் ரொசாரியோவின் புதிய ஆல்பத்தில், ஹெட்ஃபோன் உணர்ந்து தரும் கேட்பவரின் இதயத் துடிப்புதான் தாளம். அதற்கேற்பவே அவருடைய பியானோவும் குரலும் ஒலிக்கும். மூன்றாவது பாட்டின் தாளத்தை எண்ணி எழுதிவருவது எங்கள் மாலை இசை வகுப்பின் வீட்டுப்பாடம். எனக்கு ஒன்பதாவது தட்டு விடுபட்டது. வழக்கம்போல் தப்பாக எண்ணுகிறேன் என்று நினைத்து, ஹெட்ஃபோனை மாற்றி மேலும் நான்கு முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தட்டு விடுபட்டது.

இன்று வகுப்பில் பெனாசிர் சிரித்தாள். "நடுவுல தூங்கியிருப்படி. எனக்குக் கடிகாரம் மாதிரி ஓடுச்சே!"

டெய்சி மேடம் என் நோட்டை இரண்டு முறை படித்தார். "நீ சரியாத்தான் எண்ணியிருக்கம்மா."

மகிழ்ச்சியில் துள்ளி எழுந்தேன்.

"மெதுவா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று என் பையை அவரே தூக்கிக்கொண்டார்.