எழுந்திருக்காத எழுத்தர்

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மத்தியானம் இரண்டாகியும் நாற்காலியை விட்டு அசையவில்லை. பதிவேட்டு அறை எழுத்தருக்கு இடுப்புப் பிடிப்பு என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. யாரோ தைலம்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை. உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில் பழைய கல்யாணப் பதிவேடு ஒன்று இருந்தது.

எதிரே, தாத்தாவைத் தேடி வந்தவன் அலமாரிகளைக் குடைந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு டீ வேறு வாங்கிவந்து நீட்டினான். குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே என்று எழுத்தர் தொடவில்லை.

"எங்கப்பா கைக்குழந்தையா இருக்கறப்ப வேலை தேடிப் போனவர் சார், திரும்பி வரவேயில்ல. அப்பாவும் போன வருஷம் போயிட்டார். சொந்தம்னு சொல்லிக்க எனக்கு இப்ப யாருமில்ல."

"கரையான் அரிச்சிருக்கும் தம்பி." நாலு நாளாக இதே பொய்.

எழுத்தர் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமையே இவன் தாத்தாவின் விவரம் எழுதிய சீட்டோடு வந்து நின்றான். பதிவேட்டை எடுத்தபோதே எழுத்தருக்கு எரிச்சல். இழுத்தால் அவிழ்கிற சுருக்குதான் அவர் போடுவார். இதிலோ நாடாவை இரட்டை முடிச்சாக இறுக்கியிருந்தது. தனக்குப் பதிலாக வந்த ஆளைத் திட்டிக்கொண்டே அவிழ்த்துப் பார்த்தார்.

மாப்பிள்ளை, அவருடைய காலமான அப்பா; பெண், அம்மா. அப்பாவின் பெயர், ஊர், பிறந்த வருஷம் எல்லாம் சீட்டில் இருந்தது போலவே அச்சு அசல். 'முதல் திருமணம்' என்று கூசாமல் கையெழுத்து வேறு! கல்யாணப் படத்தைத் தினமும் துடைத்து வைக்கிற எண்பது வயது அம்மாவுக்கு இது தெரிந்தால் தாங்குவாளா?

இன்றைக்கு அவன் அதிகாரியிடமே அனுமதி வாங்கி நேராக அலமாரிக்கு வந்துவிட்டான். எழுத்தருக்கு வேறு வழி தெரியவில்லை. பதிவேட்டை மெத்தைக்கு அடியில் சொருகி, மேலே உட்கார்ந்துவிட்டார். கால் மரத்து, வயிறு முட்டி, வேர்த்துக் கொட்டியது.

கடைசித் தட்டையும் பார்த்துவிட்டு அவன் கையைத் தட்டிக்கொண்டான்.

"இனிமே தேட ஒண்ணுமில்ல சார்."

"நான்தான் அப்பவே சொன்னேனே தம்பி!" எழுத்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"போன வாரமே பாத்துட்டேன். லீவுக்குப் பதிலா வந்தவர்தான் எடுத்துக் குடுத்தார். 'அட, நம்ம எழுத்தரோட அப்பா'ன்னும் சொன்னார். அந்த முடிச்சு நான் போட்டது. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னுதான் தினமும் வந்தேன்."

எழுத்தர் மெத்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மாகிட்ட..."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

அவன் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"கால் மரத்துப் போயிருக்கும், எந்திரிங்க சித்தப்பா."