தொட்டி நிறைந்த பிறகு

ஹரிஷ்குமார் எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான்.

மாடித் தொட்டி நிறைந்து, தண்ணீர் தகரக் கூரையில் தடதடவென்று கொட்டத் தொடங்கியது. அவன் சுவிட்ச் பக்கம் போகவில்லை. சமையலறை வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

காலையிலேயே வந்துவிட்ட பேராசிரியர் சந்திரசேகரன் பரவசமானார். ஹரிஷின் மனைவி சுப்ரியாவின் நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. முன்னுரை அவருடையது.

"இதுதான் சார் மையப் படிமம்! தொட்டி வழியுது, அம்மா 'நிறுத்துடி'ன்னு கத்துறா, பொண்ணு நிறுத்தல. கடைசி வரி, 'வழியட்டும்'. வளர்ற பொண்ணை எந்தத் தொட்டியும் அடக்க முடியாது. என்ன தைரியம்!"

ஹரிஷ் தலையசைத்தான். முதல் பதிப்பு அச்சாகி வந்தபோதே, எழுதியவள் உயிரோடு இல்லை.

கீழேயிருந்து வீட்டுக்காரம்மா அம்புஜம் கத்தினாள். "ஹரிஷு, டேங்க் தும்பி வழியுதுப்பா! ஸ்ரீராம்புரமே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்குது, நீ ரோட்டைக் கழுவிட்டிருக்கே. பாவம்னு இத்தனை நாள் பாத்தேன். நாளைக்கும் வழிஞ்சா வீட்டைக் காலி பண்ணிடு!"

அந்தக் குரல் கேட்டபிறகுதான் எழுந்து போய் அணைத்தான்.

"அவங்களுக்கு இலக்கியம் எங்க புரியும்?" பேராசிரியர் சிரித்தார். "தினமும் வழிய விட்டு நாவலுக்கு அஞ்சலி செலுத்துறீங்க. நான் வேணா எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார்."

"வீடு போயிடுமே? நாளையிலிருந்து நிறுத்திடுங்க."

"முடியல சார்."

பேராசிரியர் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு மெல்லக் கேட்டார். "சுப்ரியா கடைசியா ஏதாவது சொன்னாங்களா? முன்னுரையை அதுல ஆரம்பிக்கலாம்னு."

"தொட்டியைப் பத்திதான் சொன்னா."

பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"நாவல்ல எப்படியோ தெரியாது சார். நான் இன்னும் படிக்கல. வீட்ல வழிஞ்சா அவளுக்கு ஆகாது. உடனே அங்கேருந்து கத்துவா." ஹரிஷ் சமையலறையைக் காட்டினான். "அன்னைக்கும் கத்தினா. அப்புறம் சத்தமில்ல. போய்ப் பாத்தேன், கீழ கிடந்தா."

கூரையிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கத்தினாங்களா? என்னன்னு?"

ஹரிஷ் அவளுடைய குரலிலேயே சொன்னான்.

"டேய் ஹரி, தண்ணி வழியுதுடா... காதுல விழலையா?"