யார் முதலில் கேட்பது?

“ரெண்டு பக்கத்துக்கும் கண்காணிப்பாளர்கள் வேணும், அண்ணா. ஆனா ஆரும் வாய் திறந்து கேட்கமாட்டினம். இதென்ன சமாதானப் பேச்சோ, கலியாணப் பேச்சோ?” என்றாள் ஜெனிதா.

அன்று காலைதான் வந்து சேர்ந்த கீர்த்தனன் மேசையில் தாள்களை அடுக்கினான். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த இருவருக்கும் வெளியுறவு அமைச்சில் வேலை. மலைமேல் இருந்த விடுதியில், ஒரு தூர நாட்டின் அரசும், தனிநாடு கேட்டுப் போராடும் இயக்கமும் அவர்களை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தன. அந்த நாட்டுப் போர் எல்லையில் நோர்வேக் கண்காணிப்பாளர்கள் நிற்பதால்தான் பள்ளிக்கூடங்கள் திறந்திருந்தன. வெள்ளியோடு அவர்களின் தவணை முடிகிறது.

காலையில் அரசின் பிரதிநிதி ஜெனிதாவை ஓரமாக அழைத்து, “நாங்கள் கேட்டால் பயந்துவிட்டோம் என்பார்கள். முதலில் அவர்கள் கேட்கட்டும்” என்றிருந்தார். தேநீர் வேளையில் இயக்கத்தின் பிரதிநிதியும் அதையே சொன்னார், ஒரு சொல் மாறாமல்.

பின்னேரம் கீர்த்தனன் மேசை முன் எழுந்து நின்றான்.

“மன்னிக்கவேண்டும். கண்காணிப்பாளர்களைத் திருப்பி அழைக்க நோர்வே முடிவுசெய்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம்.”

வாய்க்குப் போன பழுப்புச் சீஸ் துண்டு அரசுப் பிரதிநிதியின் கையிலேயே நின்றது.

“அதெப்படிப் போகலாம்?”

இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்தார்கள். பிறகு இயக்கக்காரர் தன் கதிரையை மற்றவர் பக்கம் இழுத்துப் போட்டார். இன்னும் ஆறு மாதம் நிற்கவேண்டும் என்று இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கோரிக்கை இருட்டுமுன்னே தயாராகிவிட்டது.

ஜெனிதா அதை மேலதிகாரி எம்மாவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: இருதரப்பும் சேர்ந்து கேட்கும்போது மறுக்க முடியாது, நீடிக்கலாம்.

வாசலுக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்ன நடிப்பு, அண்ணா! முகத்தைத் தொங்கப்போட்டு, குரலும் தழதழத்து... நானே நம்பியிருப்பன். இவ்வளவு வடிவாப் பொய் சொல்ல எங்கை பழகினனீங்கள்?”

கீர்த்தனன் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தான்.

“நான் எங்கை பொய் சொன்னனான், ஜெனிதா? காலமை எம்மா என்னை இஞ்சை அனுப்பினதே அந்த முடிவைச் சொல்லத்தான்.”