வளையல் இல்லாத காலை

மணமேடையில் தாலி ஏறிய கையோடு தாரகைக்குச் சத்து வளையலையும் மாட்டிவிட்டார்கள். அவள் ரத்தத்தில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று அது மணிக்கொரு தரம் மாமியார் சுகன்யாவின் போனுக்குச் சொல்லிவிடும்.

"மெக்னீசியம் இறங்குது கண்ணு, பூசணி விதை தின்னு" என்பார் சுகன்யா, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. பிள்ளை பெறப்போகிற உடம்பு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

இன்று வளையல் பழுதுபார்க்கப் போயிருந்தது. சந்தையிலிருந்து திரும்பிய சுகன்யா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, சாப்ட்டியா?"

தாரகை நான்கு ராகி தோசை தின்று அப்போதுதான் கை கழுவியிருந்தாள். ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லீங்க அத்தை."