தலைவர் ஆடிய ஆட்டம்

விலங்குகளின் ஊருக்கு ஓர் எருமை தலைவராக இருந்தது. நாள் முழுக்கக் குளத்திலேயே கிடந்து ஆட்சி செய்தது. வேறு யாரும் அதில் இறங்கக் கூடாது.

அந்தக் கோடையில் சுமை தூக்கிப் போன கழுதை நடுவழியில் மயங்கி விழுந்தது. பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. கோழிதான் சிறகை விரித்து அதன் முகத்துக்கு நிழல் கொடுத்துக் காப்பாற்றியது. பிறகு நேரே குளத்துக்கு ஓடியது.

“வெயில் கொல்லுது, தலைவரே! ஏதாவது செய்யுங்க!”

“வெயிலா? எனக்குக் குளிருதே!” என்றது எருமை.

“அப்படியா? சரி, ஊரே பாறைமேல் காத்திருக்கு. உங்களுக்கு மாலை போடணுமாம்.”

மாலை என்றதும் எருமை ஓடிவந்து பாறையில் ஏறியது. உச்சி வெயிலில் கால் சுட்டது. துள்ளிக் குதித்தது.

“ஐயோ! நண்பகலில் யாரும் சுமை தூக்கக் கூடாது!” மறுபடி குதித்தது. “அம்மா! வழியெல்லாம் தண்ணீர்த் தொட்டி வைங்க! மரக்கன்று நட்டு வைங்க!”

சத்தம் கேட்டுக் கூடிய ஊரும் பாறைக்குக் கீழே சேர்ந்து குதித்துக் கும்மாளம் போட்டது. எருமை குளத்துக்கு ஓடப் பார்த்தது. கோழி குறுக்கே நின்றது.

“இன்னும் ஓர் உத்தரவு பாக்கி, தலைவரே. குளம் யாருக்கு?”

“எல்லாருக்கும்! எல்லாருக்கும்! வழியை விடு!”

சொல்லி முடிப்பதற்குள் கழுதை குளத்தில் குதித்துவிட்டது.